நாலு மரம் சாய்ந்தது என்று சொன்னேன்

தாண்டிக்குடி மலை,
2.12.2018, ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். மின்சாரம் இன்னும் வரவில்லை. இன்றோடு 17 நாள். மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் சித்தப்பா மகன் நாளை வத்தலக்குண்டுக்குப் போகிறான். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். போனில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

கஜா புயல் அடித்த நான்காம் நாள், கரட்டு உச்சியில் சிக்னல் கிடைக்கிறது என்று தம்பி கூட்டிப்போனானே, அன்று உன்னிடம் என்ன சொன்னேன்? "ஒன்றுமில்லை பாப்பா, நாலு மரம் சாய்ந்தது, அவ்வளவுதான்" என்றேன். நீயும் நம்பினாய். போன வியாழக்கிழமை தம்பி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு நீ அழுதாய். அழுதுகொண்டே சொன்ன அந்த ஒரு வாக்கியம் மூன்று இரவாக என்னைத் தூங்கவிடவில்லை. "எல்லாம் என் படிப்பால் வந்தது அப்பா, தாத்தா வைத்த மரங்கள் இருந்திருந்தால் தோட்டம் இப்படி ஆகியிருக்காது" என்றாய்.

அது உண்மை இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஒருமுறை உன்னிடம் மறைத்தது போதும்.

நவம்பர் 15-ஆம் தேதி இரவு வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. நட்சத்திரம் தெரிந்தது. டி.வி.யில் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே புயல் கரையேறும் என்று சில நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் கடலிலிருந்து எவ்வளவு தூரம்! கடற்கரைக்காரர்களை நினைத்துக் கவலைப்பட்டோமே தவிர, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு கயிறு கூடக் கூடுதலாகக் கட்டவில்லை. தீபாவளி முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. காபிப் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது. மறுநாள் பழம் எடுக்க ஆறு பேருக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையேறியிருக்கிறது. விடிகாலையில் இங்கே மழை பிடித்தது. முதலில் வாடைக்காற்று. அது நமக்குப் பழக்கம்தான், ஐப்பசி கடைசியில் வராமல் இருக்காது. ஆனால் பொழுது விடிந்த பிறகு அந்தக் காற்று நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. கொண்டை ஊசி வளைவில் பாரம் ஏற்றிய லாரி முக்கிக்கொண்டு ஏறுமே, அந்தச் சத்தம். ஒரு லாரி இல்லை, மலை முழுக்க லாரி. ஓட்டின் கீழ் நின்று பார்த்தால் தோட்டமே தெரியவில்லை, வெள்ளையாகப் புகை மாதிரி மழை படுத்துப் போகிறது. அதற்குள்ளிருந்து மரம் முறிகிற சத்தம். முதலில் எண்ணினேன். முப்பது வரை எண்ணினேன். பிறகு அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

நடுவே கொஞ்சநேரம் காற்று நின்றது. அப்படி ஒரு அமைதி. ஒரு குருவிச் சத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்து நான் மாட்டைப் பார்க்க வெளியே போனேன். திரும்பி வருவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. தெற்கிலிருந்து. தென்றல் என்று நாம் பெயர் வைத்திருக்கிற திசை, பாப்பா. வடக்கிலிருந்து அடித்த காற்றுக்கு வளைந்து தாங்கிய மரங்களை அந்த இரண்டாவது காற்று எடுத்துக்கொண்டது. வேர் ஒருபக்கம் தளர்ந்து, மண் கூழாகிக் கிடக்கும்போது மறுபக்கம் தள்ளினால் எது நிற்கும்?

அந்த நேரத்தில் டி.வி.யில் புயல் வலுவிழந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கீழே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சமவெளிக்கு அது சரிதான். தரையோடு உரசி உரசிக் காற்று அங்கே வேகம் குறைந்திருக்கும். நாம் 4,000 அடிக்கு மேல் இருக்கிறோம். தரை தொடாமல் மேலே வந்துகொண்டிருந்த காற்றுக்குப் பெரிய தடை நம் மலைதான். எதிரே வந்த சுவரில் மோதுவது போல மோதிவிட்டு, அன்று இரவுக்குள் கேரளத்தையும் தாண்டி அரபிக் கடலுக்குப் போய்விட்டது. ஒரு பகல்தான். காலையில் காபி குடித்தபோது இருந்த தோட்டம் மாலையில் இல்லை.

கஜா என்று இலங்கைக்காரர்கள் வைத்த பெயராம். யானை என்று பொருள். நம் மலையில் யானையைத் தெரியாதவர்கள் உண்டா? யானை வந்துபோன தோட்டத்தில் ஒரு வழி தெரியும். எங்கே நுழைந்தது, எந்த வாழையைத் தின்றது, எதைத் தொடாமல் விட்டது என்று காலையில் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாதி வாழையாவது மிச்சமிருக்கும். இந்தக் காற்று போன இடத்தில் அப்படி எந்த வழியும் தெரியவில்லை.

மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தேன். உனக்கு எப்படிச் சொல்வது? வெளிச்சம். தோட்டத்துக்குள் வெளிச்சம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடுவாயே ஓடைவரை, அந்த வழியில் மதியத்திலும் விளக்கு வேண்டும்போல் இருட்டாக இருக்கும். அங்கே வெயில் அடிக்கிறது. வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஓடையைப் பார்க்க முடிகிறது. அதற்கு அப்பால் மேலத் தோட்டத்துப் பெரியவரின் களத்தையும் பார்க்க முடிகிறது. எனக்கு 58 வயதாகிறது. இந்த வீட்டு வாசலிலிருந்து அந்தக் களத்தை நான் பார்த்ததே இல்லை.

நம்மிடம் 400 சில்வர் ஓக் மரம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 71 நிற்கிறது. போனதில் பாதிக்கு மேல் வேரோடு சாயவில்லை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் படக்கென்று ஒடிந்து நிற்கிறது. மிளகுக்கொடி மரத்தோடு கீழே வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடக் கொடிகள். சரம் சரமாகப் பச்சை மிளகு சேற்றில் கிடந்தது. பிப்ரவரியில் பறிக்க வேண்டியது. மரம் விழுந்த இடத்தில் காபிச் செடி நசுங்கிவிட்டது. விழாத இடத்திலும் காற்று பழத்தை உருவிப் போட்டுவிட்டது. மலைவாழை ஒன்றுகூட நிற்கவில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அனுப்ப வைத்திருந்த பதினெட்டுத் தாரும் போயிற்று. சௌசௌ பந்தல் மொத்தமாகச் சுருண்டு ஓடைக்குள் கிடக்கிறது. பட்டர் ஃப்ரூட் மரம் ஒன்று மட்டும், எப்படியோ தெரியவில்லை, காயோடு நிற்கிறது.

மாடு தப்பிவிட்டது. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், நீ கேட்பாய் என்று தெரியும்.

அம்மாவின் இன்சுலின் விஷயத்தையும் உன்னிடம் மறைத்தேன். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று நீ கேட்டபோது, ஏற்பாடு செய்துவிட்டேன் என்றேன். மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் வைத்திருந்தோம். இந்தக் குளிருக்கு அது போதும். பிரச்சினை அதில்லை. மருந்தே இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. 18-ஆம் தேதி இருட்டோடு கிளம்பினேன். மங்களங்கொம்பு தாண்டியதும் ரோடு என்று ஒன்று இல்லை. மரத்தின் மேல் மரம், அதன் மேல் மின்கம்பி. இரண்டு இடத்தில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. குடியிருப்பிலிருந்து பளியர் பழங்குடி இளைஞர்கள் நான்கைந்து பேர் அரிவாளோடு வந்து, சரிவுக்கு மேலே காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை திறந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் வீடுகளின் தகரமே பறந்துபோயிருந்தது. அதைத் தேடாமல் பாதை திறக்க வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், சித்தரேவு வரை என்னோடு நடந்தான். தடியன்குடிசை, பெரும்பாறை என்று ஊர் ஊராக மக்கள் ரம்பத்தோடு ரோட்டில் நின்றார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் எல்லைவரை மரத்தை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

சித்தரேவில் பஸ் கிடைத்தது. வத்தலக்குண்டில் மருந்துக்கடையில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை, கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டேன். ஐஸ் வைத்து மருந்தைக் கட்டிக்கொடுத்தார்கள். திரும்பும்போது பெரும்பாறையில் இருட்டிவிட்டது. ஒரு டீக்கடைத் திண்ணையில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டோம். மறுநாள் வீட்டுக்கு வந்து அந்தப் பையனுக்குப் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரு தீப்பெட்டியும் மட்டும் எடுத்துக்கொண்டான். நீ அடுத்தமுறை வரும்போது அவன் குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கி வா. எனக்கு இதைத் தவிர உன்னிடம் கேட்க வேறொன்றும் இல்லை.

ரேஷன் அரிசி ஒரு வாரம் கழித்துக் குதிரைமேல் வந்தது. திருக்கார்த்திகை அன்று ஊரே இருட்டு. எண்ணெயை மிச்சப்படுத்த வேண்டியிருந்ததால் அம்மா மூன்று அகல் மட்டும் வைத்தாள். மற்ற வருடங்களில் மரங்கள் மறைக்கும். இந்த வருடம் எதிர்மலை வரை எல்லார் வீட்டு அகலும் தெரிந்தது.

ஐந்தாறு நாள் கழித்துத்தான் செய்தித்தாள் பார்த்தேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளின் படம். பார்த்துவிட்டு என் தோட்டத்தை மறந்தேன். ஒரு தென்னையை வளர்த்து ஆளாக்க எத்தனை வருடம்! அங்கே தோப்பு தோப்பாகப் படுத்துக் கிடக்கிறது. தமிழ்நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் விழுந்தது என்று போட்டிருந்தார்கள். நமக்கு ஏன் இன்னும் கரண்ட் வரவில்லை என்று நீ கோபப்பட்டாயே, அந்தக் கம்பங்களை எல்லாம் ஊன்றுகிறவர்களும் மனிதர்கள்தான். இங்கே வந்திருக்கும் மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றுச் சரிவில் கம்பத்தைத் தோளில் சுமந்து ஏற்றுகிறார்கள். லாரி வராத இடத்தில் வேறு வழி இல்லை. அம்மா அவர்களுக்குத் தினமும் கருப்பட்டிக் காபி போட்டு அனுப்புகிறாள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறை ஒன்று உண்டு. சேதம் கணக்கெடுக்க வந்தவர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அவர் கையிலிருந்த தாளில் தென்னைக்கு இடம் இருந்தது, வாழைக்கு இடம் இருந்தது. நிழல் மரத்துக்கு இடம் இல்லை. "மரத்தில் காய் ஏதும் உண்டா?" என்று கேட்டார். நிழல்தான் அதன் விளைச்சல் என்று சொன்னேன். அதை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. காபிக்கு நிழல் போனால் என்ன ஆகும் என்று மலைக்காரனுக்குத் தெரியும். இப்போது குளிர், தெரியாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் இலை கருகும். வெயில் பட்ட செடியைத் தேடித்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வரும். காற்று விட்டுவைத்த செடியை அந்தப் பூச்சி முடிக்கும். அதாவது இந்தப் புயல் இன்னும் முடியவில்லை, வரும் சித்திரையிலும் அதற்கு அடுத்த சித்திரையிலும் அடிக்கப்போகிறது. இதை அந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

1977 நவம்பரில் இதே மாதிரி நாகைப் பக்கம் கரையேறிய புயல் நம் மலைக்கு வந்தது. எனக்கு அப்போது 17 வயது. மலையில் கொட்டிய மழையெல்லாம் இறங்கிப்போய், கீழே வேடசந்தூர்ப் பக்கம் குடகனாற்று அணையே உடைந்தது. தோட்டத்தில் மரங்கள் சாய்ந்தன. உன் தாத்தா இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். பலா, நாவல், அத்தி, வாகை, சந்தன வேம்பு, கல்யாண முருங்கை என்று கைக்குக் கிடைத்த கன்றையெல்லாம் கலந்து வைத்தார். வரிசையும் இல்லை, அளவும் இல்லை. ஏன் இப்படிக் கண்டபடி வைக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, "காடு வரிசையிலா நிற்கிறது?" என்றார். அந்த மரங்களின் கீழேதான் நீ பிறந்து வளர்ந்தாய்.

2006-இல் நீ கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாய். அதே வருடம் அந்த மரங்களை வெட்டினேன். மலையில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. அதன்படி அனுமதி வாங்கித்தான் வெட்டினேன். நீ விடுமுறைக்கு வந்தாய். ஓடைக்கரையில் மட்டும்தான் மரம் மிஞ்சியிருந்தது. உன் முகத்தைப் பார்க்க முடியாமல், "உன் ஃபீஸுக்குத்தான் பாப்பா" என்று சொன்னேன்.

பொய் சொன்னேன்.

உன் ஃபீஸுக்கு வங்கிக் கடன் வாங்கியிருந்தோம். விடுதிக்கு அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போயிற்று. மர வியாபாரி கொடுத்த பணத்தில் உன் படிப்புக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. அது எங்கே போனது என்று கேள். இந்த நூற்றாண்டு பிறந்தபோது காபி விலை அதலபாதாளத்துக்குப் போய், பழம் எடுக்கும் கூலிகூடக் கட்டாமல் நாலைந்து வருடம் ஓடியது. மிளகு வைத்தவன் மட்டும் நிமிர்ந்து நின்றான். மிளகுக்கு நேரான மரம் வேண்டும், கிளை இல்லாமல் உயர வேண்டும், வேகமாக வளர வேண்டும், கடைசியில் பலகைக்கும் விலைபோக வேண்டும். சில்வர் ஓக்கில் இதெல்லாம் இருந்தது. பக்கத்துத் தோட்டங்கள் எல்லாம் மாறிக்கொண்டிருந்தன. எனக்கும் ஆசை வந்தது. தாத்தா மரங்களை விற்ற பணத்தில் 400 கன்றும் மிளகுக்கொடியும் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் புதுப் பல்ப்பரும் வாங்கினேன். மிச்சத்தில்தான் அந்தப் பழைய ஜீப். நீ விரும்பி முன்சீட்டில் உட்கார்ந்து வருவாயே, அதுதான்.

ஆசையை ஆசை என்று மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. படிப்பு என்று சொன்னால் கேள்வி வராது. என் காரியத்தை உன் தலையில் வைத்தேன். நீ அதை 12 வருடம் சுமந்திருக்கிறாய் என்று வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. முதல் சம்பளத்திலிருந்து மாதம் தவறாமல் நீ அனுப்பிய பணத்தை, பாசம் என்று நினைத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு கடன் என்று இப்போது பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் கடன் உன்னுடையது அல்ல. ஒருநாளும் உன்னுடையதாக இருந்ததில்லை. என்னை மன்னித்துவிடு.

அந்த முடிவு முழுக்க முட்டாள்தனம் என்றும் சொல்லமாட்டேன். மிளகு கிலோ 600 ரூபாய்க்கு மேல் போன வருடங்களில்தான் உன் கல்விக்கடனின் பாக்கியை அடைத்தோம், சங்கிலியை மீட்டோம், உனக்குக் கல்யாணம் செய்தோம். தாத்தா மரங்கள் இருந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்பதும் சரியில்லை. ஓடைக்கரையில் மிஞ்சிய ஒன்பதில் இரண்டு சாய்ந்துவிட்டன. பெரிய பலா வேரோடு புரண்டு கிடக்கிறது. அது கிளை பரப்பித் தனியாக நின்றது. மற்ற ஏழும் ஒன்றோடொன்று நெருங்கி, உயரமும் குட்டையுமாக நின்றன. கிளை முறிந்தது, இலை உதிர்ந்தது, ஆனால் நிற்கின்றன. அவற்றின் கீழே இருக்கும் காபிச்செடி நூறும் பழத்தோடு அப்படியே இருக்கிறது. நான் அங்கே போய் உட்காரும்போதெல்லாம் தாத்தா பக்கத்தில் இருப்பது போல் இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே வந்துவிடுங்கள், திண்டுக்கல்லில் வீடு பார்க்கிறேன் என்கிறாய். உன் பயம் புரிகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, எனக்கு வயது, ஆஸ்பத்திரி கீழே, ரோடு இந்தக் கதி. இதில் ஒரு வார்த்தைக்கும் என்னிடம் பதில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "இப்போது விற்றால் மொட்டைத் தோட்டத்தின் விலைதான் வரும்" என்றாள். கணக்கு அப்படி. எனக்குக் கணக்கு மட்டும் இல்லை. நிழலோடு என் கைக்கு வந்த நிலம் இது. நிழலில்லாமல் இன்னொருவன் கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வருடம் கொடு. அதற்குப் பிறகும் நீ வா என்றால் அம்மாவும் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறோம். அதற்குள் அம்மாவின் மருந்து இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைக்கப்படும், சத்தியம்.

இப்போது வேலை என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உதிர்ந்த பழத்தைப் பொறுக்குகிறோம். முழங்கால் சேற்றில் உட்கார்ந்து பொறுக்குகிற வேலை. விலை கிடைக்காது, ஆனால் விட்டுவிட்டால் காய்த் துளைப்பான் பூச்சி அதில் குடியேறி அடுத்த வருட விளைச்சலையும் கெடுக்கும். நசுங்கிய செடிகளை அடியோடு கவாத்து செய்துவிட்டால் தளிர்த்துவிடும், இரண்டு வருடத்தில் காய்க்கும். விழுந்த மரத்தை வாங்க ஆளில்லை. மலை முழுக்க விழுந்து கிடக்கும்போது யார் நல்ல விலை கொடுப்பார்கள்? கிடக்கட்டும். இந்த ஈரம் காய்வதற்குள் கல்யாண முருங்கைக் கிளைகளைப் போத்துகளாக வெட்டி ஊன்றிக்கொண்டிருக்கிறேன். 140 ஊன்றியாயிற்று. அது சீக்கிரம் இலைவிடும், முதல் இரண்டு கோடைக்கு அது தாங்கும். நடுவே வாழை. அதற்குள் மற்றவை வளர வேண்டும்.

மற்றவை என்றால் எவை என்று யோசித்தபோதுதான் உன் நோட்டு நினைவுக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்காக நம் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் எண் போட்டு எழுதினாயே, பச்சை அட்டை போட்ட 80 பக்க நோட்டு. ஒரு மரத்துக்கு ஒரு வரி. எண், பெயர், எதற்குப் பக்கத்தில், என்ன பறவை வரும். பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஓட்டில் ஒழுகிய நீர் பெட்டிக்குள்ளும் போயிருக்கிறது. அடுப்படியில் வைத்து உலர்த்தினேன். மொத்தம் 43 மரம். கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து வீடு, களம், ஓடை எல்லாம் குறித்திருக்கிறாய். நான் வெட்டிய மரங்கள் எங்கெங்கே நின்றன என்று எனக்கே மறந்துவிட்டது, பாப்பா. உன் படத்தில் இருக்கிறது.

ஓடைக்கரையில் விழுந்து முளைத்த நாவல் கன்று பதினொன்று எடுத்திருக்கிறேன். அத்திக்குப் போத்து கிடைத்துவிட்டது. வாகை விதை மேலத் தோட்டத்துப் பெரியவர் தருகிறார். சந்தன வேம்புக்குத் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். நாளைக் காலை படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து குழி எடுக்கப்போகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் சிக்கல். 17-ஆம் எண்ணுக்கு நேரே நீ எழுதிய பெயர் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. "களத்துக்குக் கிழக்கே, பாறைக்குப் பக்கத்தில், மைனா வரும்" என்பது மட்டும் தெரிகிறது. அம்மா பலா என்கிறாள், எனக்கு அது வாகை போல் ஒரு ஞாபகம். அது என்ன மரம் என்று உனக்கு நினைவிருந்தால் தம்பிக்கு ஒரு வரி அனுப்பு. அந்தக் குழியை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா